பதினோரு மடங்கு வேகம்

காலை எட்டேகாலுக்கு எல்லோரையும் மேடையில் ஏற்றி நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். சுரபாயாவில் மாநாடு என்றால் முதல் வேலை அதுதான், ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். முதல் படம் கையைக் கட்டிக்கொண்டு, இரண்டாவது கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு, மூன்றாவது அவரவர் இஷ்டம். லிலிக் மூன்றிலும் பல் தெரியச் சிரித்தாள். பத்தரை மணிக்கு அதே மேடையில் அவள் இருபது நிமிடம் பேச வேண்டும். அந்த இருபது நிமிடத்துக்காக ஏழு வருடம் போயிருந்தது.

லிலிக்குக்கு வயது நாற்பத்து மூன்று. சிடோர்ஜோவில் ஒரு சின்னக் கல்லூரியில் ஆசிரியை. டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாரத்தில் நாலு நாள் மோட்டார் சைக்கிளில் வாரு மேம்பாலம் ஏறி இறங்கி, லாரிப் புகையைத் தின்று, மாநாடு நடக்கும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து போனவள். இங்கே சட்டம் ரொம்பச் சுருக்கம். தவணையெல்லாம் சேர்த்து ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். முடிப்பதற்குள் ஒரு சர்வதேச மாநாட்டில் கட்டுரை படித்து, படித்ததற்குச் சர்டிபிகேட் காட்ட வேண்டும். காட்டாதவர்களுக்கு, இதுவரை வந்ததற்கு நன்றி, இனி வர வேண்டாம் என்று ஒரு கடிதம் போகும். லிலிக்கின் ஏழாவது வருடம் ஜூன் முப்பதோடு முடிகிறது. இன்று பத்தொன்பது. பட்டம் இல்லாமல் வந்தால் வகுப்பு கிடையாது, அலுவலகத்தில் உட்கார்ந்து அட்மிஷன் படிவம் பார்க்கலாம் என்று கல்லூரியிலும் சொல்லிவிட்டார்கள்.

ஆராய்ச்சி என்னவென்று அவள் புருஷன் யூதி ஒரு தடவை கேட்டான். ஏ.சி. ரிப்பேர் செய்கிறவன், சுற்றி வளைத்தால் கொட்டாவி விடுவான்.

"மழை வந்தா தண்ணி இறைக்கிற பம்ப் ஹவுஸ் ஊர்ல எழுபது இருக்கில்ல? எல்லாத்துலயும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கு. எவ்வளவு தண்ணி, எந்த மோட்டார் ஓடுது, எல்லாம் அதுல இருக்கு. இப்ப என்ன பண்றாங்கன்னா, எழுபது எடத்து டேட்டாவையும் ஒரே எடத்துக்குத் தூக்கிட்டு வந்து அப்புறம் யோசிக்கிறாங்க. கிடங்குல இருக்கற அரிசி மொத்தத்தையும் அடுக்களைக்குச் சுமந்து வந்து அதுல ஒரு படி வேக வைக்கற மாதிரி. நான் அடுப்பைக் கிடங்குக்கே கொண்டு போறேன். டேட்டா அசையாது. வேலைதான் அதைத் தேடிப் போகும்."

"அதனால என்ன மிச்சம்?"

"நேரம். பழைய முறையை விட என்னோடது பதினோரு மடங்கு வேகம்."

"பதினோரு மடங்கா? பொய் சொல்லாத," என்று சொல்லிவிட்டு யூதி தூங்கப் போய்விட்டான். அன்றைக்கு அவன் சொன்னதைக் கேட்டு அவள் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படம் பிடித்து முடிந்ததும் எல்லோரும் சிற்றுண்டிப் பெட்டிக்கு வரிசையில் நின்றார்கள். லிலிக் தன் பெட்டியைத் திறந்து லெம்பர் என்கிற ஒட்டரிசிச் சுருள் ஒன்றை எடுத்து அதன் வாழையிலையை உரித்துக்கொண்டிருந்தபோது, ஹனோயிலிருந்து வந்த குயென் என்ற ஆராய்ச்சியாளர் அவளைத் தேடி வந்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்து அட்டையைத் திருப்பிப் பெயரைக் காட்டி, லேசாகத் தலை குனிந்தாள்.

"உங்க கட்டுரையைப் படிச்சேன். எங்க லேப்ல அடுத்த வேலையை அதை வச்சுதான் ஆரம்பிக்கப்போறோம். நீங்க பொதுவுல போட்டிருக்கற புரோகிராமை ஓட்டிப் பார்த்தோம்."

"ஓடிச்சா?" லிலிக்குக்கு வாயெல்லாம் பல்.

"நல்லா ஓடிச்சு. ஒண்ணு மட்டும் கேக்கணும். பழைய முறையோட செட்டிங்ல லாக் எழுதறது ஆன்ல இருக்கு. வேணும்னேதான் அப்படி வச்சிருக்கீங்களா?"

லாக் என்பது ஒரு புரோகிராம் தான் செய்கிற ஒவ்வொன்றையும் தானே குறித்து வைத்துக்கொள்வது. அது எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ளும்போது உதவும். எது வேகம் என்று பார்க்கிற பந்தயத்தில் யாரும் அதை ஆன் செய்து வைக்க மாட்டார்கள். ஒருவனை ஓடவும் விட்டு, ஒவ்வோர் அடிக்கும் நின்று நோட்டில் எழுதிவிட்டு ஓடு என்றும் சொன்னால் அவன் எங்கே ஜெயிப்பான்?

லிலிக் உரித்த வாழையிலையை மறுபடி லெம்பரின் மேலேயே சுற்றினாள். நாலு வருடத்துக்கு முன், பழைய முறையைப் புரிந்துகொள்வதற்காக அதை ஆன் செய்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அவள்தான். இந்தக் கையால்தான். திரும்ப ஆஃப் செய்தோமா என்று யோசித்துப் பார்த்தாள். செய்த ஞாபகமே இல்லை.

"பார்த்துச் சொல்றேன்," என்றாள். குயென் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தாள். அவளிடம் குத்தல் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் பாவம்.

பிரசோஜோ மேடைக்குப் பக்கத்தில் லேப்டாப்பைப் பெரிய திரையோடு இணைத்துக்கொண்டிருந்தான். முப்பத்து நாலு வயது, லேபின் இன்ஜினியர், சோலோ என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவன். இரண்டு வருடமாக லிலிக்கின் சோதனைகளை ஓட்டுவதே அவன்தான். கட்டுரையில் அவள் பெயருக்கு அடுத்த பெயர் அவனுடையது. லிலிக் அவனை முழங்கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பழைய முறையில லாக் ஆன்ல இருக்காமே. உனக்குத் தெரியுமா?"

பிரசோஜோ தரையைப் பார்த்தான். "தெரியும்க்கா."

"எப்பலேர்ந்து?"

"போன வருஷம் நோன்புக்கு முன்னாடிலேர்ந்து."

"சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"சொன்னேன்க்கா."

"எப்ப சொன்ன?"

"மூணு தடவை சொன்னேன்க்கா," என்றான் அவன், யாரோ தூங்கும் வீட்டில் பேசுகிற குரலில். "டிஸ்க் சீக்கிரமே நெறஞ்சிடுது, பழைய புரோகிராம் நெறைய எழுதுதோ என்னவோன்னு சொன்னேன். நீங்க பெரிய டிஸ்க் வாங்கிக் குடுத்தீங்க."

லிலிக்குக்கு அந்த டிஸ்க் ஞாபகம் வந்தது.

"அப்புறம், பதினோரு மடங்குங்கறது ரொம்பப் பெரிய நம்பர்க்கா, எனக்கே ஆச்சரியமா இருக்குன்னு சொன்னேன். நீங்க லேப்ல எல்லாருக்கும் ராவோன் சூப் வாங்கிக் குடுத்தீங்க."

"மூணாவது?"

"நேரம் கெடைச்சா பழைய முறையோட செட்டிங்கையும் ஒரு தடவை பாக்கலாமேன்னு மெசேஜ் அனுப்பினேன். நீங்க அதுக்குப் பதிலா ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினீங்க."

சோலோக்காரன் தன்னைவிட மூத்தவரிடம் குற்றம் சொல்ல வேண்டுமானால், ஊரைச் சுற்றி வந்து, வாசலில் நின்று, செருமிவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். அந்த ஊரில் அந்தச் செருமலே போதும், உள்ளே இருப்பவர் விழுந்தடித்து எழுந்து வருவார். சுரபாயாக்காரர்களுக்கு நடுமண்டையில் தட்டிச் சொல்ல வேண்டும். இங்கே நண்பனைக் கூப்பிடுவதே வசவோடுதான். லிலிக் அவனுடைய சங்கோஜத்தை இரண்டு வருடமும் நல்ல குணம் என்று நினைத்திருந்தாள், யூதியிடம்கூட ஒரு தடவை புகழ்ந்திருந்தாள்.

"இதுக்குப் பேர் சொல்றதா? 'லிலிக், நீ தப்புப் பண்ணியிருக்க, உனக்கு மூளையே இல்ல'. இப்படிச் சொல்லணும். அப்பத்தான் என் காதுல விழும்."

"அப்படி எப்படிக்கா சொல்றது?"

"வாயைத் தொறந்து சொல்றது. இப்ப என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்ட. லேப் மெஷினோட கனெக்ட் பண்ணு. லாக்கை ஆஃப் பண்ணிட்டு ரெண்டையும் ஓட்டு."

ஓட்டினான். மாடிப்படியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது தடவை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும், முக்கால் மணி ஆகும். லிலிக் மனசுக்குள் பேரம் பேசத் தொடங்கினாள். பதினொன்று வேண்டாம், ஐந்து மடங்கு போதும். ஐந்து இல்லாவிட்டால் இரண்டு. ஒன்றரை இருந்தால்கூட எப்படியாவது பேசிவிடலாம், ஸ்லைடில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும், மேடையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எண்கள் வந்தன. முன்பு நானூற்றுத் தொண்ணூற்றேழு விநாடி எடுத்துக்கொண்டிருந்த பழைய முறை இப்போது நாற்பத்தொரு விநாடியில் முடித்திருந்தது. லிலிக்கின் புது முறைக்கு எப்போதும்போல நாற்பத்து நாலு.

மூன்று விநாடி அதிகம். எழுபது இடத்துக்கும் வேலையை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பதில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய், மேலே மூன்று விநாடியும் போயிருந்தது. அடுப்பைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு நடந்தது வீண். ஏழு வருடமும் வீண். மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மேம்பாலத்தில் நனைந்ததும், மகள் கினானின் பள்ளி விழாக்களுக்குப் போகாததும், எல்லாம் ஒரு செட்டிங்கை ஆஃப் செய்ய மறந்ததற்காக. லிலிக்குக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

அவள் நேராகப் பாக் திர்தோவிடம் போனாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர், இந்த மாநாட்டுக்கும் அவர்தான் தலைவர். மூத்த ஆண்களை இங்கே மரியாதையாக 'பாக்' என்றுதான் கூப்பிடுவார்கள். விருந்தினர் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். லிலிக் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, எண்களையும் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பாத்திக் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"பிரசோஜோவுக்கு. ஹனோய்ப் பொண்ணுக்குச் சந்தேகம் இருக்கு."

"அப்ப இன்னிக்குப் பேசிடும்மா. பின்னால ஜர்னலுக்கு அனுப்பறப்போ சரி பண்ணிக்கலாம்."

"பொய்ப் பதினொன்னை வச்சுக்கிட்டா பாக்?"

"நான் உனக்காக ரெண்டு தடவை கெஞ்சித் தவணை வாங்கியிருக்கேன். மூணாவது தரமாட்டாங்க. நீ மேடையில உண்மையைச் சொன்னா கட்டுரையை எடுத்துடுவாங்க, எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடறவனே நான்தான். சர்டிபிகேட் கெடையாது. முப்பதாம் தேதி கடிதம் வரும்." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நீ என்கிட்ட வந்து சொன்னதா நான் ஞாபகம் வச்சுக்கல. போய்த் தலைமுடியைச் சரி பண்ணிக்கோ."

வெளியே பிரசோஜோ காத்திருந்தான்.

"சொல்லப்போறேன்டா," என்றாள். "பதினாலாவது ஸ்லைடு வரும்போது, இந்த நம்பர் தப்பு, என் தப்பு, என்னோடது பழசை விட மெதுவானதுன்னு சொல்லிட்டு எறங்கிடறேன். போனா போகுது. அட்மிஷன் படிவம் பாக்கறதும் ஒரு வேலைதான். முகத்துக்கு நேரா சொல்றது எப்படின்னு இன்னிக்குப் பாத்துக் கத்துக்கோ."

"சரிக்கா," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் நெஞ்சில் ஏதோ லேசானது போல இருந்தது. ஏழு வருடத்தில் முதல் தடவையாகத் தன்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அது அரை மணி நேரம் நிலைத்தது.

பத்தரைக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டர், இரண்டு டீன்கள், சிங்கப்பூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர், கடைசி நாற்காலியில் பாக் திர்தோ. மூன்றாவது வரிசையில் பிரசோஜோ. நடுவில் எங்கோ குயென். லிலிக் வணக்கங்களை ஒன்று விடாமல் சொன்னாள். எழுபது பம்ப் ஹவுஸின் வரைபடத்தைக் காட்டினாள். டேட்டா அசையக் கூடாது, வேலைதான் நகர வேண்டும் என்றபோது சிங்கப்பூர்க்காரர் தலையாட்டினார். நன்றாகத்தான் பேசினாள். அதில் குறை சொல்ல முடியாது.

பதினாலாவது ஸ்லைடு வந்தது. பழைய முறைக்கு ஓர் உயரமான சிவப்புத் தூண், அவளுடையதற்கு ஒரு குட்டைப் பச்சைத் தூண், மேலே கொட்டை எழுத்தில் 11.3. அரங்கில் நாலைந்து பேர் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். ரெக்டர் பக்கத்து டீனிடம் குனிந்து ஏதோ சொல்ல, இருவரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் பெண் என்கிற சிரிப்பு.

லிலிக் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியம் நாலே சொல்தான், மனசில் தயாராக இருந்தது. நாக்கு புரளவில்லை. நடுமண்டையில் தட்டிப் பேசுகிற ஊரில் பிறந்தவள், மாடிப்படியில் ஒருவனை அந்தக் கிழி கிழித்தவள், மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த ஒப்பீட்டில் பழைய முறையின் அமைப்பை இன்னும் சற்று விரிவாக ஆராய்ந்து பார்ப்பதற்கு இடமிருக்கிறது," என்றாள் அழகான ஆங்கிலத்தில்.

எல்லோரும் தலையாட்டினார்கள். என்ன அடக்கம், என்ன பணிவு. அவள் அடுத்த ஸ்லைடுக்குப் போனாள்.

கைதட்டல் அடங்கியபோது குயென் கையை உயர்த்தியிருந்தாள். லிலிக்குக்கு அந்தக் கை நன்றாகத் தெரிந்தது. அவள் கேட்கட்டும், கேட்டுவிடட்டும் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டாள். கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும், தான் சொல்லாததை அந்தக் கேள்வி பிடுங்கிக்கொள்ளும், எல்லாம் தீர்ந்துவிடும். அமர்வை நடத்திய அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நேரம் ஆயிடுச்சு. ஒரே ஒரு கேள்வி வேணும்னா எடுத்துக்கலாம். லிலிக், நீங்களே சொல்லுங்க. இப்பவே எடுத்துக்கலாமா, இல்ல சாப்பாட்டு வேளையில பேசிக்கறீங்களா?"

முடிவை யாரோ எடுத்துப் பொன் தட்டில் வைத்து அவளிடமே நீட்டினார்கள். அரங்கம் காத்திருந்தது. ஒரு 'இப்பவே' போதும்.

"சாப்பாட்டு வேளையில பேசிக்கறோம்," என்றாள் லிலிக்.

குயென் கையை இறக்கிக்கொண்டாள். பாக் திர்தோ மேடையேறி, சட்டம் போட்ட சர்டிபிகேட்டை லிலிக்கின் கையில் கொடுத்தார். அவளுடைய முழுப் பெயரும் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. அவள் அதைத் திருப்பி, எழுத்து தெரியாமல் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு அவள் போகவில்லை. போனால் குயென் வருவாள். தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். பிரசோஜோ அவளைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்தான்.

"சொன்னேனே," என்றாள் அவள், அவன் வாயைத் திறப்பதற்குள். "ஆராய்ந்து பாக்க எடமிருக்குன்னு சொன்னேன். புரிஞ்சவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்."

"இல்லக்கா," என்றான் பிரசோஜோ. அவளுடைய முகத்தைப் பார்த்துப் பேசினான். "நீங்க சொல்லல."

"பிரசோஜோ..."

"நீங்க சொல்லல. பொய்தான் சொன்னீங்க. நானும் ஒரு வருஷமா அதேதான் பண்ணியிருக்கேன், நான் யோக்கியன்னு சொல்ல வரல. ஆனா எனக்கு இந்தக் கட்டுரையில பேர் வேண்டாம்க்கா. திங்கக்கிழமைலேர்ந்து லேபுக்கும் வரல." அவன் குரல் உயரவே இல்லை. ஆனால் இரண்டு வருடத்தில் அவன் ஒரு விஷயத்தை இப்படி நேராகச் சொல்லி அவள் கேட்டதில்லை. "மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பை மதியம் ஒரு மணிக்கு மூடறாங்க. அதுக்குள்ள மாத்தணும்னா கட்டுரையோட முதல் ஆசிரியரா உங்க கையெழுத்து வேணுமாம். படிவம் வாங்கிட்டு வந்திருக்கேன்."

இரண்டு கையாலும் நீட்டினான். லிலிக் வாங்கிக்கொண்டாள். ஒரு பக்கப் படிவம். முதல் கட்டம்: கட்டுரையின் முடிவுகளில் திருத்தம். இரண்டாவது கட்டம்: ஆசிரியர் பெயர்களில் திருத்தம். அதற்குக் கீழே, காரணம் எழுத இரண்டு வரி இடம். மணி பன்னிரண்டு நாற்பது.

அவள் முதல் கட்டத்தின் மேல் பேனாவை வைத்தாள். அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள். கூடத்திலிருந்து தட்டுகளின் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டது. பிரசோஜோ அவசரப்படுத்தவில்லை. அவனும் அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், இன்னமும் ஏதோ எதிர்பார்க்கிறவன் போல.

பேனா கீழே இறங்கியது. இரண்டாவது கட்டத்தில் அவள் குறியிட்டாள். அவன் பெயரை எழுதி, நீக்கவும் என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிரசோஜோ படிவத்தை வாங்கி ஒரு தடவை படித்தான். நன்றி சொல்லிவிட்டு, மூடுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று படியிறங்கிப் போனான்.